மடைக்காலில் செய்த கட்டை

புதிதாக எதையும் அவர் வாங்கமாட்டார். மண்வெட்டி வாங்கக் கடைக்குப் போனால், வரிசையாகத் தொங்குகிற புது மண்வெட்டிகளை ஏறிட்டும் பார்க்கமாட்டார். கடைக்காரர் தன் வீட்டு வேலைக்காக மூலையில் சாத்தி வைத்திருப்பதை இவர் காட்டுவார். கல்லில் பட்டு முனை மழுங்கியிருக்கும்.

"அதக் குடு."

"அது பழசுங்க."

"தெரியுது. அடி வாங்கியிருக்குது. அப்பவும் ஒடையல. அதான் கேக்கறேன்."

கடைக்காரர் சிரிப்பார். இவர் சிரிக்கமாட்டார்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தார். அது குத்தகை. அளத்துக்கு மேற்கே மேட்டில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அதில் மழைக்கு மல்லாட்டை போடுவார். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நிலத்தை ஒட்டிச் சவுக்குத் தோப்பு. தோப்பில் காட்டுப் பன்றி. பன்றிக்காக அவர் அப்பா காலத்திலேயே லைசன்ஸ் எடுத்து வாங்கின துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. ஒற்றைக் குழல். வாய் வழியாக மருந்தைக் கெட்டித்துச் சுடுகிற பழைய ஜாதி. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. துப்பாக்கிக்காரர் என்பார்கள். நான் அண்ணா என்பேன்.

நான் அவர் அளத்தில் உப்பு வாரினவள். வேலை கேட்டுப் போன அன்று, என்ன வேலை தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

"நீ இன்னா பட்டிருக்கிற?" என்று கேட்டார்.

"புருஷன் கடலுக்குப் போனாரு. வரல."

"அப்புறம்?"

"அப்புறம் வேலைக்கு வந்தேன்."

"நாளைக்கு வா" என்றார்.

அவர் வைத்திருந்த டிரைவரும் அப்படித்தான். அவன் உப்பு லாரியை ஒரு தடவை வாய்க்காலில் கவிழ்த்தவன். வேறு யாரும் அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. இவர் கூப்பிட்டுத் தன் மினி வேனைக் கொடுத்தார். "ஒரு தபா கவுத்தவன். இனிமே கவுக்கமாட்டான்" என்றார். அவன் அதற்குப் பிறகும் இரண்டு தடவை பள்ளத்தில் இறக்கினான். அது கவிழ்த்த கணக்கில் வராது என்று விட்டுவிட்டார். அளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின் புயலில் முழுகிக் கிடந்து மீண்டது. அவர் உட்காருகிற நாற்காலிக்கு ஒரு கால் கம்பியால் கட்டினது.

அண்ணிக்கு அவரோடு நடந்தது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் அடிக்கிறவன். அவனை விட்டுத் தாய் வீட்டுக்கு வந்து இருந்தாள். அங்கே இவர் பெண் பார்க்கப் போனது தங்கையை. தங்கை காபி கொண்டு வந்தாள். இவர் அடுப்படிப் பக்கம் பார்த்து, "அங்க நிக்கறாங்களே, அவங்களக் கேளுங்க, சம்மதமான்னு" என்றாராம். ஊரே அவரைப் பெரிய மனசு என்று பேசியது. அண்ணி என்னிடம் வேறு மாதிரி சொன்னாள்.

"மம்முட்டி வாங்கறவரு மாதிரி பாத்தாரு என்ன."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் அண்ணி மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் காய்ச்சல் என்று படுத்தால், வாசலில் நின்று, ஏதோ நடக்காதது நடந்த மாதிரிப் பார்ப்பார். "நீயா?" என்பார். அவ்வளவுதான். அண்ணி எழுந்துவிடுவாள்.

என்னிடமும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் கால் வெடித்து நான் நொண்டினால், பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார். கெட்ட எண்ணம் இல்லை. எங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நம்பினார். அந்த நம்பிக்கை சில நாள் நன்றாக இருக்கும். சில நாள் கழுத்தில் கல் கட்டின மாதிரி இருக்கும்.

துப்பாக்கியை அவர் துப்பாக்கியாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. வழுக்குகிற வரப்பில் ஊன்றி நடப்பார். முள்வேலியை அதால் தூக்கிப் பிடித்து நுழைவார். நிலத்துக் கொட்டாயில் பாம்பு வந்தால் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்து மரக் கட்டையால் அடிப்பார். ஒரு மழையில் வேன் சேற்றில் இறங்கியது. சக்கரத்துக்கு அடியில் துப்பாக்கிக் கட்டையைக் கொடுத்து நெம்பினார். வேன் ஏறியது. கட்டை, கை பிடிக்கிற இடத்தில், மரம் மெலிந்து வருகிற கழுத்தில், இரண்டாக ஒடிந்தது.

சேற்றில் கிடந்ததைப் பார்த்து, "இவ்ளோதானா நீ?" என்று கேட்டார். மனுஷனைக் கேட்கிற மாதிரியே இருந்தது.

புதுக் கட்டைக்கு மரம் தேட ஆரம்பித்தார். கிளியனூர் ரோட்டில் ஒரு ஆசாரியின் பட்டறை. சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் அண்ணியும் நானும் வேனில் இருந்தோம். எங்களையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஆசாரி ஒரு தேக்குத் துண்டைத் துடைத்துக் காட்டினார். "தேக்குண்ணே. காத்து, மழை, வெயிலு, எதுக்கும் வளையாது."

"எந்த மழைல நனைஞ்சிது?"

"இன்னும் நனையல. உள்ளதான வெச்சிருக்கேன்."

"அப்ப ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தேக்குக்கு ஜாதகமாண்ணே பாப்பாங்க?"

அடுத்து வேங்கையைக் காட்டினார். நல்ல கனம். இவர் அதை வாங்கி, பேச்சில்லாமல், வாசல் கல்லில் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஓரம் பெயர்ந்து தெறித்தது. ஆசாரி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.

"இன்னாண்ணே இது! பொண்ணு பாக்க வந்த எடத்துல கன்னத்துல அறையறீங்க!"

அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் அனுமந்தைக் கடற்கரையில் போய்த் தேடினார். இப்போது எல்லாம் ஃபைபர் போட். பழைய மரப் படகு ஒன்றிரண்டு மணலில் கவிழ்ந்து கிடக்கும். அவற்றின் துடுப்பு, சுக்கான் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏம்பா, துடுப்புல துப்பாக்கி செஞ்சா தண்ணிலதான் சுடணும்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் ஒரு துடுப்பைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்து நீளமாகப் பார்த்தார். ஆணி அடித்த ஓட்டை இருந்தது. கீழே போட்டுவிட்டார்.

கடைசியில் மரம் அவர் காலடியில் கிடைத்தது. வாய்க்காலிலிருந்து பாத்திக்கு உப்புத் தண்ணீர் விடுகிற இடத்தில் மடை இருக்கும். இரண்டு பக்கமும் கால் நட்டு, நடுவில் பலகையை இறக்கித் தண்ணீரை நிறுத்துவோம். அந்த மடைக்கால் பூவரசு. அவர் அப்பா குத்தகைக்கு எடுக்கும்போதே அங்கே நின்றது என்பார்கள். வருஷம் பூராவும் உப்பு ஏறின கெட்டித் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி, கருத்து இரும்பு மாதிரி ஆகியிருந்தது.

உப்பில் ஊறின மரத்தைக் கரையான் தொடாது, மக்காது, வெடிக்காது. இது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எங்கள் உப்பு வாரும் பலகையின் காம்பே அப்படிப்பட்டதுதான். அந்தப் பலகைக்கு ஆணி அடிக்கமாட்டோம். மர முளைதான் வைப்போம். ஆணி அடித்தால் ஒரு பருவத்தில் உப்பு தின்றுவிடும். இதுவும் எங்களுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஜனங்கள்தான் நாங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

பருவம் முடிந்து தண்ணீர் வற்றினதும் மடைக்காலைப் பிடுங்கினார். லேசில் வரவில்லை. உதைத்தார், ஆட்டினார், கடப்பாரை போட்டார். வெளியே வந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் பேசினதை மறந்தவர் மாதிரி அதே ஆசாரியிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"உப்பு ஏறுன கட்டைண்ணே இது."

"உப்பு ஏறுனதாலதான் கொண்டாந்தேன். தொண்டைத் தண்ணிய வத்த வெக்காம செதுக்கு."

ஆசாரி செதுக்கினார். குழலுக்கு நீளமாகப் பள்ளம் வெட்டி, பாதி குழல் மரத்துக்குள் படுக்கிற மாதிரி வைத்தார். குறுக்கே முளை போட்டுப் பூண் கட்டினார். முளையைத் தட்டினால் வெளியே வரும். குழலைத் தனியாக எடுத்துத் துடைக்கலாம். இவருக்கு அது பிடிக்கவில்லை.

"கழட்டற மாதிரி வெச்சா நாளைக்கு ஆடும். ரெண்டு பக்கமும் தட்டி அடைச்சிடு."

"அடியில எண்ணெ போடணும்னா எப்படிண்ணே போடுவீங்க?"

"மேல போட்டா கீழ எறங்கும்."

ஆசாரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். உடைந்த வேங்கை ஞாபகம் வந்திருக்கும். அடைத்துக் கொடுத்தார்.

இவர் அதை எடுத்து அதே வாசல் கல்லில் அடித்தார். கல்லில்தான் தடம் விழுந்தது. அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்தத் தடவை இவர் கொண்டு போனதைப் பார்த்து அங்கிருந்த போலீஸ்காரர், "இன்னா பெரியவரே, ஒலக்கைக்கு எதுக்கு லைசன்ஸ்?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். தேர்தல் முடிகிற வரைக்கும் அது ஸ்டேஷன் மூலையில் சாய்ந்து கிடந்தது. திரும்பி வந்த அன்று எண்ணெய் போட்டு, குழலின் மேல் பக்கம் பளபளக்கிற வரைக்கும் தேய்த்தார். கட்டையைத் தட்டிப் பார்த்தார். "இது எனக்கு அப்புறமும் இருக்கும்" என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தால் அளம் மூழ்கும். உப்பு வேலை நின்றுவிடும். நாங்கள் அவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கப் போவோம். அந்த வருஷமும் போனோம். தூறலுக்காகக் கொட்டாயில் ஒதுங்கினபோது துப்பாக்கி சாய்த்து வைத்திருந்தது. கட்டை வேர்த்திருந்தது. மழைக்காலத்தில் உப்பு மூட்டை வேர்க்கும், அந்த மாதிரி. புடவைத் தலைப்பால் துடைத்தேன். கை பிசுபிசுத்தது.

குழலும் மரமும் சேருகிற கோட்டில், நெடுக, வெற்றிலை போட்டவன் வாயோரம் மாதிரி ஒரு சிவப்பு. நகத்தால் சுரண்டினேன். செதில் வந்தது. அடியில் இன்னொரு செதில். அதுவும் வந்தது. வெங்காயத் தோல் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

அளத்தில் பழைய பம்பு ஒன்று இருந்தது. மேலே பெயின்ட் அழகாக இருக்கும். ஒரு நாள் ஸ்பானர் வைத்துத் திருகினேன். போல்ட்டு கையோடு மாவாக வந்தது. எனக்கு அது தெரியும்.

துப்பாக்கி வெடிப்பது குழலுக்குள். அடியில் இரும்பு இல்லாவிட்டால் வெடிப்பது அவர் கையில். முகத்துக்குப் பக்கத்தில்.

அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அவர் சாப்பிடும்போது சொன்னாள்.

"யாரு சொன்னது?"

"நான்தாண்ணா" என்றேன்.

கையைக் கழுவிவிட்டுத் துப்பாக்கியை எடுத்து வந்தார். "எங்க?"

காட்டினேன். கட்டைவிரலால் துடைத்தார். விரலைப் பார்த்தார். லுங்கியில் தேய்த்தார்.

"மேல புடிச்ச துரு."

"மேல இல்லண்ணா. உள்ளேருந்து வருது."

"நீ உள்ள பாத்தியா?"

"பிரிச்சாத்தான பாக்க முடியும்."

"பிரிச்சா நம்பலன்னு அர்த்தம்."

"நம்பாட்டிப் போங்க. மொகம் இருக்கும்" என்றாள் அண்ணி.

ஒன்றைச் சோதிக்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். மறுநாள் காலை துப்பாக்கியை அளத்து வரப்புப் பனையில் கயிறு போட்டுக் கட்டினார். வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்தார். விசையில் நீளமாக ஒரு சரடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அண்ணி, நான், டிரைவர் மூன்று பேரும் தார்ப்பாய் மூடின உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அவரும் வந்து உட்கார்ந்தார்.

"ஒடைஞ்சா ஒடையட்டும். ஒடையலன்னா யாரும் பேசக் கூடாது" என்றார்.

இழுத்தார். மூழ்கின பாத்திகளில் நின்ற கொக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. காது அடைத்தது. டிரைவர் தலையைத் தூக்கவே இல்லை.

இவர் முதலில் போனார். நாங்கள் பின்னால் போனோம். குழல் முழுசாக இருந்தது. புகை வந்துகொண்டிருந்தது. அவர் அண்ணியைப் பார்த்தார்.

"பாத்தியா? தாங்கிடுச்சு."

அண்ணி துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"ஒரு தபா தாங்கிச்சின்னா அடுத்த தபாவும் தாங்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம். இத்தினி வருஷத்துல ஒரு நாளு கேட்டிருக்கலாம். அவன் அடிக்கறப்பல்லாம் தாங்கனேன். தாங்கனேன் தாங்கனேன்னு நீங்களும் ஊரு பூரா சொல்லிக்கினீங்க. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் கொறைஞ்சேன். அது வெளிய தெரியாது. கடைசியா ஒரு நாளு கைய ஓங்கனான். அடிக்கக்கூட இல்ல. ஓங்கனான், அவ்ளோதான். நான் போயி கெணத்து மேல ஏறி நின்னுட்டேன். பக்கத்து வூட்டுப் பொம்பள காலப் புடிச்சி இழுத்தா."

டிரைவர் மெல்ல நகர்ந்து வேன் பக்கம் போய்விட்டான்.

எனக்கு அந்தக் கதை தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. முடிச்சு அவிழவில்லை. ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தார். அண்ணி காத்திருக்கவில்லை. நடந்து போய்விட்டாள்.

அவர் ஏதாவது சொல்வார், குழலைப் பிரிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் பிரிக்கவில்லை. துப்பாக்கியை வீட்டு மூலையில் வைத்தார். அந்த வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரமே தோப்பில் ஆடு மேய்த்தவர் ஒருவரைப் பன்றி குத்திவிட்டது. தொடை எலும்பு வரைக்கும் கிழித்துவிட்டது என்றார்கள். அதற்கு முன்னால் யாரோ ஈட்டி எறிந்து அதன் முதுகில் காயம். வலியில் வெறி பிடித்துச் சுற்றுகிறது. ஃபாரஸ்ட் ஆபீஸில் சுட ஆர்டர் போட்டு, ஒரு கார்டு இரண்டு ஆட்களோடு அவரைத் தேடி வந்தார். சுற்று வட்டாரத்தில் லைசன்ஸ் துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது.

நாங்கள் அப்போது மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். பத்துப் பதினைந்து பெண்கள். தோப்பு எங்களுக்கு எதிரே. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வரப்பில் அவர் வருவது தெரிந்தது. துப்பாக்கி தோளில் இருந்தது. வரப்பு வழுக்கியது. அவர் அதை ஊன்றவில்லை.

அண்ணி நிமிர்ந்தாள். கையில் பிடுங்கின செடி, வேரில் மண்.

"அதையே எடுத்துக்கினு வர்றாரு பாரு."

"வேற இன்னா அண்ணி இருக்குது அவருகிட்ட."

அண்ணி செடியைப் போட்டுவிட்டு நேரே போனாள். கார்டு முன்னாலேயே, "வேணாங்க" என்றாள்.

"ஆர்டர் வந்துடுச்சு."

"அவங்களே சுடட்டும்."

"எங்ககிட்ட லத்திதாம்மா இருக்குது" என்றார் கார்டு. கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"இது நல்ல துப்பாக்கி இல்லீங்க, சார்."

கார்டு அவரைப் பார்த்தார். அவர் அண்ணியைப் பார்க்காமல், "பொம்பளைங்கள எல்லாம் கூட்டிக்கினு மேட்டுக்குப் போ. கொட்டாய்க்கு அந்தாண்ட" என்றார்.

அண்ணி அசையவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். கொட்டாய் வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். நானும் நின்றேன். மற்றவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள்.

அவர் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மருந்து போட்டார். குச்சியால் கெட்டித்தார். எழுந்தார். கடைசியாக, கேப் என்கிற சின்னச் செம்புத் தொப்பியை வைத்தார். அது இருந்தால்தான் வெடிக்கும். வைத்த கை அங்கேயே கொஞ்சம் நின்றது.

தோப்புக்குள்ளே பன்றியைக் கிளப்பத் தகரம் தட்டினார்கள். சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒன்றும் தெரியவில்லை. தட்டுகிற சத்தம் இடது பக்கமாக வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. யாரோ, "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று கத்தினார்கள்.

பன்றி அவருக்கு நேராக வந்தது. முதுகில் ஈட்டிக் காயம் பிளந்து ஈ மொய்த்தது. வாயில் நுரை. அது ஓடி வந்தது என்று சொல்ல முடியாது. எறிந்த மாதிரி வந்தது.

அவர் துப்பாக்கியைத் தூக்கினார். வலது கன்னம் கட்டையில் படிந்தது. இடது கை குழலுக்கு அடியில். எந்த இடத்தில் நான் செதில் உரித்தேனோ அந்த இடத்தில்.

"ஐயோ" என்று அண்ணி சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

அவர் சுடவில்லை. கன்னத்தை எடுத்தார். கட்டைவிரலால் கேப்பைத் தட்டிவிட்டார். அது வெயிலில் மினுக்கி மணலில் விழுந்தது. துப்பாக்கியைத் திருப்பினார். இரண்டு கையாலும் குழலைப் பிடித்து, பன்றி வந்து சேர்ந்த அந்த நேரத்தில், கட்டையை அதன் மூஞ்சியில் இறக்கினார்.

தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. பன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே கோரைப் பல்லால் கிழித்து, அவரை இடித்துக்கொண்டு போனது. அவர் விழுந்தார். அது எழுந்து, தடுமாறி, கீழே மூழ்கின பாத்திப் பக்கம் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஃபாரஸ்ட் ஆட்கள் வலையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார்கள். அதைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

அவர் தொடையில் ரத்தம். மணல் சிவந்துகொண்டே போனது. அண்ணி தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். நான் இரண்டு கையாலும் அழுத்தினேன். அவர் கையில் குழல் மட்டும் இருந்தது. முளை எல்லாம் பிய்ந்து, கட்டை தனியாகப் போய் விழுந்திருந்தது.

கார்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஏன் சுடல நீங்க? நேராத்தான வந்துச்சு!"

"மருந்து நனைஞ்சிடுச்சு."

கார்டு அவர் கையிலிருந்து குழலை வாங்கினார். திருப்பினார். மேல் பக்கம் எண்ணெய் மினுமினுப்பு. அடிப்பக்கம் நெடுக அரித்து, சிவப்பாக, செதில் செதிலாக இருந்தது. கார்டு தன் பைக் சாவியால் குத்திப் பார்த்தார். சாவி உள்ளே போனது. அவர் அதைப் பிடுங்கி, குழலைத் தள்ளி வைத்தார்.

தோப்பில் தகரம் தட்டினவர் ஒருவர் கட்டையைத் தூக்கி வந்தார். "அண்ணே, கட்டைக்கு ஒரு கீறல் இல்ல பாருங்க. அடேயப்பா."

யாரும் பார்க்கவில்லை.

வேனில் ஏற்றினோம். பின்னால், கோணிப்பை விரித்து, தலை அண்ணி மடியில். நான் கால் பக்கம் உட்கார்ந்து துணியை அழுத்திக்கொண்டே இருந்தேன். வேன் மண் ரோட்டில் திரும்பியது.

"மருந்து நனையல" என்றாள் அண்ணி. "நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவர் மேலே தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"கன்னத்துல வெச்சேன்" என்றார். "நீ கெணத்து மேல ஏறி நின்னது ஞாபகம் வந்துச்சு."

"ம்."

"பயந்துட்டேன்."

அண்ணி அவர் நெற்றியில் ஒட்டியிருந்த மணலை விரலால் தள்ளிவிட்டாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. மணல் போன பிறகும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. என் கையில் ரத்தம் சூடாக வந்தது.

"டேய்" என்றார் அவர். "மெதுவாப் போடா."

டிரைவர் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்காத வார்த்தை. சரியாகத்தான் கேட்டோமா என்று அவனுக்குச் சந்தேகம்.

"இன்னாண்ணே?"

"வலிக்குதுடா. மெதுவாப் போ."

டிரைவர் கியரைக் குறைத்தான்.